டேக், பெர்க்லி, தனியார், கால் ஸ்டேட்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து எந்த வழியில் மாறுவது?

ஃப்ரீமான்ட்டில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். வயது பத்தொன்பது. திருச்சியில் எட்டாவது வரை படித்துவிட்டு, அப்பாவுக்கு எச்-1பி விசாவில் வேலை கிடைத்தபோது குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்கு வந்தவள். இப்போது கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகும் உள்ளூர்க் கல்லூரி) இரண்டாம் ஆண்டு தொடங்கியிருக்கிறாள். போன மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். டேவிஸ், பெர்க்லி, யூஎஸ்சி, சான் ஹோசே ஸ்டேட் என்று நான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்கள் எழுதியிருந்தன.

"அக்கா, அம்மா பெர்க்லிதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. காலேஜ் கவுன்சிலர், இடம் உறுதியாகுற டேக் விண்ணப்பத்தை டேவிஸுக்குப் போடுன்னு சொல்றாங்க. அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார். நான் எதை எடுக்கட்டும்?"

"உனக்கு எந்தத் தேதியில் இருபத்தொரு வயசு முடியுது?" என்று கேட்டேன். காலேஜைப் பற்றிக் கேட்டால் பிறந்தநாளைக் கேட்கிறாளே என்று அவள் முழித்தாள். நானும் இதே விசாவில், இதே வயதில், இதே மாதிரி ஒரு பட்டியலோடு அலைந்தவள். அன்றைக்கு என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய கடன் இல்லாமல் போயிருக்கும்.

அவளுக்குச் சொன்னதை, அவளைப் போல இருக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். நான் பேசுவது கலிஃபோர்னியாவைப் பற்றி மட்டும்தான். இங்கே இந்தப் பாதை தற்செயலாக உருவானதில்லை. 1960-ல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டம் கம்யூனிட்டி காலேஜ், கால் ஸ்டேட் (மாநிலப் பல்கலைக்கழகங்கள், சான் ஹோசே ஸ்டேட் இதில் ஒன்று), யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா (யூசி, டேவிஸும் பெர்க்லியும் இதன் வளாகங்கள்) என்ற மூன்றையும் ஒன்றோடொன்று படிக்கட்டாக இணைத்தது. இன்று 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. முதலாண்டில் இரண்டு பேரைச் சேர்த்தால் மாறி வரும் ஒருவரையும் சேர்ப்பது என்பது யூசியின் இலக்கு. பட்டச் சான்றிதழில் எந்த வழியாக வந்தோம் என்று எழுதியிருக்காது. "வேற எங்கயும் கிடைக்காதவங்க போற காலேஜ்" என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை கூனிக்குறுக வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நம் வீடுகளில் முதலில் பார்ப்பது பெயரை. நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் விசா. அடுத்தது அந்த விசாவுக்கு எந்தக் கட்டண வகுப்பு கிடைக்கும் என்பது. மூன்றாவது, எடுக்க நினைக்கும் மேஜரும் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) அதற்கான பாட வரிசையும். நான்காவது, இடம் எவ்வளவு உறுதி என்பது. ஐந்தாவது, படித்த யூனிட்டுகளில் (ஒவ்வொரு வகுப்புக்கும் கணக்கிடும் பாட அளவு) எத்தனை வீணாகும் என்பது. பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

விசாவும் கட்டணமும். கிரீன் கார்டு உள்ளவர்கள், குடிமக்கள், தஞ்சம் ஏற்கப்பட்டவர்கள் (இலங்கையிலிருந்து அப்படி வந்த குடும்பங்களும் இதில் அடக்கம்) எல்லோரும் ஃபாஃப்சா படிவம் நிரப்பி மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை இங்கே பிறந்த குடிமகனாக இருந்தால் பெற்றோரின் விசா என்ன என்பது அங்கே ஒரு பொருட்டில்லை. உங்கள் வீட்டு நிலைமை இதுவென்றால் கீழே சொல்லும் சிக்கல்களில் பாதி உங்களைத் தொடாது. பெயரையும் மேஜரையும் பார்த்து முடிவெடுங்கள்.

விசாவே இல்லாமல் இருப்பவர்களுக்கு 2001-ல் வந்த ஏபி 540 சட்டம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் படித்துப் பள்ளியை முடித்திருந்தால் உள்ளூர்க் கட்டணமே (கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணம்) போதும். 2017-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கம்யூனிட்டி காலேஜில் படித்த ஆண்டுகளும் அந்தக் கணக்கில் சேரும். கலிஃபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம் வழியாக மாநில உதவியும் கிடைக்கும்.

எச்-4 (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளைகளின் நிலைமைதான் பல பெற்றோருக்குப் புரிவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எச்-4 விசாவில் இருப்பவர் கலிஃபோர்னியாவில் நிரந்தரமாகக் குடியிருப்பதாகக் காட்ட முடியும். பெற்றோர் ஓராண்டுக்கு மேல் இங்கேயே இருந்து, வரி கட்டி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் எடுத்திருந்தால் பிள்ளைக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். யூசியில் ஆண்டுக் கட்டணம் சுமார் 15,000 டாலர். ஃபாஃப்சா கிடையாது, வேலை பார்க்கவும் அனுமதி கிடையாது, வளாகத்துக்குள்ளேகூட. ஆனாலும் கட்டணம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

இருபத்தொரு வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடுகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. அதனால் பெரும்பாலான பிள்ளைகள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. அந்த விசாவில் கலிஃபோர்னியாக் குடியிருப்பு என்று ஒன்று கிடையாது. யூசி, வெளிமாநில மாணவர்களிடம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,000 டாலருக்கும் அதிகமாக வசூலிக்கிறது. நேற்றுவரை 15,000 கட்டியவர் இன்று 52,000-க்கும் மேல் கட்ட வேண்டும்.

எனக்கு இது நடந்தது யூசியில் என் முதல் ஆண்டின் நடுவில். அதே அறை, அதே வகுப்பு, அடுத்த குவார்ட்டருக்கான (பத்து வாரப் பருவம்) பில் மட்டும் வேறு. அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதனால்தான் முதலில் பிறந்தநாளைக் கேட்கிறேன். பட்டம் வாங்கும் தேதிக்கும் இருபத்தொன்று நிறையும் தேதிக்கும் நடுவே எத்தனை செமஸ்டர் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வழியின் உண்மையான விலையும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 2002-ல் வந்த ஒரு சட்டம், பெற்றோரின் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க இடம் தருகிறது. உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

எஃப்-1 விசாவில் நல்ல பக்கமும் உண்டு. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போக வழி இருக்கிறது. பட்டம் முடித்த பிறகு ஓபிடி என்று 12 மாதங்கள் வேலை பார்க்கலாம், அறிவியல், பொறியியல் துறைகளுக்கு இன்னும் 24 மாதங்கள் கூடும். எச்-4-ல் இருந்தபடியே பட்டம் வாங்கினால் இதெல்லாம் வராது. அதனால் சிலர் வேண்டுமென்றே கடைசி ஆண்டில் மாறுகிறார்கள்.

எஃப்-1 விசாவிலேயே நேரடியாகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வந்தவர்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு போகும். ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 யூனிட் எடுத்தாக வேண்டும். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். நேரடி வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் திண்டாட்டம்தான். இவர்கள் பதிவு தொடங்கும் நாளில் காலையிலேயே உட்கார்ந்து வகுப்புகளைப் பிடித்துவிட வேண்டும்.

மேஜரும் பாட வரிசையும். எந்த வழி என்பது ஏப்ரல் மாதம் கடிதம் வரும்போது முடிவாவதில்லை. முதல் செமஸ்டரில் எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார்கிறோமோ அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. பொறியியலுக்கு கால்குலஸ் வரிசையும், அதைப் பின்தொடரும் இயற்பியல் வரிசையும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று போகும். நடுவில் ஒன்று தவறினால் ஓராண்டு தள்ளிப்போகும். எந்த காலேஜின் எந்த வகுப்பு எந்த யூசியின் எந்த வகுப்புக்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் மேஜர் வாரியாகக் காட்டுகிறது. நான் படித்த இடத்தில் ஒரு கவுன்சிலர், உயிரியல் மாணவர்களுக்கான இயற்பியலே எனக்கும் போதும் என்று சொல்லிவிட்டார். நான் அசிஸ்ட்டைப் பார்க்காமல் அப்படியே நம்பினேன். ஓராண்டு போனது. கவுன்சிலரிடம் கட்டாயம் கேளுங்கள், கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அசிஸ்ட்டிலும் சரிபாருங்கள்.

## டேக்: கையில் ஓர் இடம்

டேக் என்பது கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு ஒரு யூசி வளாகம் எழுத்தில் தரும் உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம்), சான் டியாகோ தருவதில்லை. செப்டம்பர் 1 முதல் 30 வரை விண்ணப்பிக்கலாம். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். தேவைப்படும் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வளாகத்தையும் மேஜரையும் பொறுத்து 3-க்குக் கொஞ்சம் கீழேயிருந்து 3.4 வரையிலும், சில மேஜர்களுக்கு அதற்கு மேலும் இருக்கும்.

டேக் போட்டாலும் மற்ற யூசி வளாகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஒன்றே ஒன்று, எத்தனை வளாகம் வேண்டுமோ அத்தனைக்கும் குறி போட்டுக்கொள்ளலாம். டேவிஸா பெர்க்லியா என்று அந்த வீட்டில் நடந்த சண்டைக்குத் தேவையே இல்லை. டேவிஸுக்கு டேக் போட்டுவிட்டு அதே விண்ணப்பத்தில் பெர்க்லியையும் சேர்த்துக்கொள்ளலாம். பெர்க்லி கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் டேவிஸ் இருக்கிறது. இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது, "இதை ஏன்மா யாரும் முதல்லயே சொல்லலை?" என்றார்.

இதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. எல்லா மேஜருக்கும் டேக் கிடையாது. சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்கு இல்லை, கம்ப்யூட்டர் சயன்ஸ் அந்தக் கல்லூரிக்குள்தான் வருகிறது. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் கேட்கும் மேஜர் அது. உத்தரவாதம் வேண்டும் என்பதற்காக வேறு மேஜரில் டேக் போட்டு, உள்ளே போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பல வளாகங்களில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. இன்னொன்று, உத்தரவாதம் நிபந்தனையோடு வருவது. குறித்த வகுப்புகளைக் குறித்த செமஸ்டருக்குள் முடிக்காவிட்டால் அது போய்விடும். வசந்த செமஸ்டரில் ஒரு வகுப்பைக் கைவிட்டால்கூடச் சிக்கல் வரும்.

டேக் சேர்க்கையை மட்டும்தான் உறுதி செய்கிறது. எஃப்-1-க்கு மாறும்போது வரும் கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

## பெர்க்லி, யூசிஎல்ஏ: உறுதியில்லை, ஆனால் முயன்று பார்க்கலாம்

இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் மாற்று மாணவர்களில் (வேறு காலேஜிலிருந்து மாறி வருபவர்கள்) ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. பன்னிரண்டாவது முடித்து நேரடியாகப் போடுபவர்களின் நிலையோடு ஒப்பிட்டால் இது நல்ல வாய்ப்பு. யூசிஎல்ஏவுக்கு மாறி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்தே வருகிறார்கள். ஆனால் அந்த நாலில் ஒன்று என்பது எல்லா மேஜரையும் கூட்டிச் சொல்லும் சராசரி. வரலாறு, சமூகவியல் பக்கம் கதவு அகலம். கம்ப்யூட்டர் சயன்ஸ், பொறியியல் பக்கம் மிகக் குறுகல், 4.0-ஐ ஒட்டிய ஜிபிஏ வைத்திருப்பவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள். அங்கே இடம் கிடைக்காததால் பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்று எந்தப் பெற்றோரும் நினைக்கக் கூடாது.

யூசிஎல்ஏவுக்கு டாப் என்று ஒரு துணைவழி இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் கம்யூனிட்டி காலேஜின் ஹானர்ஸ் திட்டத்தை முடித்தால், கலை, அறிவியல் கல்லூரிக்கான விண்ணப்பத்தை முன்னுரிமையோடு பார்ப்பார்கள். பொறியியலுக்கு அது பொருந்தாது. இதை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கேள்விப்பட்டால் பெரும்பாலும் நேரம் போயிருக்கும்.

யூசி விண்ணப்பத்தில் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றதாக எனக்குப் படுவது இது: எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, விண்ணப்பத்தோடு சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைகளுக்குள் பதில். அங்கே ஒரு பிள்ளை தன் கதையைச் சொல்லலாம். பதினைந்து வயதில் புது நாட்டுக்கு வந்து, தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்து, நடுவில் கால்குலஸும் முடித்தவள் என்றால் அதை அப்படியே எழுதினாலே போதும். "என் பண்பாடு என்னை வளர்த்தது" என்று பொதுவாக எழுதாதீர்கள். அந்த மருத்துவமனை நாளை எழுதுங்கள்.

வெளியே தெரியாத செலவு வாடகையில் இருக்கிறது. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலிஸ் வெஸ்ட்வுட்டிலும் ஓர் அறைக்குக் கொடுப்பது பல மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணத்தையே மிஞ்சும். இன்னொன்று வேகம். பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன, மற்ற யூசிக்கள் குவார்ட்டர். பதினாறு வாரத்தில் படித்துப் பழகியவருக்குப் பத்து வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும், மூன்றாவது நான்காவது வாரமே முதல் மிட்டெர்ம். முதல் குவார்ட்டரில் மதிப்பெண் சரிவது சகஜம். எனக்கும் சரிந்தது. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் காலேஜ்களிலிருந்து போகிறவர்களுக்கு இந்த அதிர்ச்சி குறைவு.

## தனியார்: விலைப்பட்டியலைப் பார்த்து ஓடவும் வேண்டாம், நம்பி இறங்கவும் வேண்டாம்

யூஎஸ்சி ஆண்டுதோறும் மாற்று மாணவர்களை நிறையச் சேர்க்கிறது, கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களை நன்றாக அறிந்த இடம். ஸ்டான்ஃபோர்டில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இடம் கிடைக்கிறது. பிரின்ஸ்டன் 1990-ல் மாற்றுச் சேர்க்கையை நிறுத்திவிட்டு 2018-ல்தான் திரும்பத் தொடங்கியது. இவற்றில் பலவற்றின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது.

கிரீன் கார்டும் குறைந்த வருமானமும் உள்ள குடும்பம் என்றால் அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரிய நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் குறைக்கும், சில நேரம் யூசியைவிடக் குறைவாகவே வரும். ஒவ்வொரு பல்கலையின் தளத்திலும் உத்தேசச் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டும் பக்கம் இருக்கிறது. அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்கு நிலைமை நேர்மாறு. பல தனியார் பல்கலைகள் எச்-4 மாணவரையும் வெளிநாட்டு மாணவர் பட்டியலில் வைக்கின்றன. அவர்களுக்கான உதவித்தொகை மிகக் கொஞ்சம், உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும் இடங்களும் உண்டு. இங்கே யூசியோடு ஒரு விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியாரில் உள்ளூர்க் கட்டணம், வெளிமாநிலக் கட்டணம் என்று இரண்டு கிடையாது. இருபத்தொரு வயதில் விசா மாறினாலும் பில் மாறாது. யூசியில் சேரும்போதே எஃப்-1 என்றால், நல்ல தகுதி உதவித்தொகை தரும் தனியாரும் யூசியும் விலையில் கிட்டக்கிட்ட வந்துவிடலாம்.

யூனிட் இழப்பு இங்கேதான் அதிகம். யூசிக்கென்று எடுத்த பொதுப்பாடங்களை யூசி அப்படியே ஏற்கும். வெளிமாநிலத் தனியார் பல்கலை ஒவ்வொரு வகுப்பாகப் பிரித்துப் பார்க்கும், பாடத்திட்டத் தாளைக் கேட்கும், சிலவற்றைத் தள்ளும். பெரும்பாலானவற்றில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கேயே படித்தாக வேண்டும், அது மூன்றாகவும் நீளலாம். அந்த மூன்றாம் ஆண்டின் செலவைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

அப்புறம் காகிதம். தனியார் விண்ணப்பத்துக்குப் பேராசிரியர்களின் சிபாரிசு வேண்டும், பள்ளி மதிப்பெண் பட்டியலும் வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி முடித்துவிட்டு வந்தவர்கள் தலைமையாசிரியரின் கையெழுத்து, முத்திரை, மூடிய உறை என்று ஊரில் ஒருவரை அலையவிட வேண்டியிருக்கும். பெரியப்பாவோ மாமாவோ இரண்டு முறையாவது பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். கெடு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. இந்த வேலையைத் தீபாவளிக்கு முன்பே தொடங்குங்கள்.

நாள்காட்டியும் இடிக்கிறது. யூசி ஏப்ரல் முடிவுக்குள் பதில் சொல்லிவிட்டு ஜூன் 1-க்குள் உறுதிசெய்யக் கேட்கும். சில தனியார் பதில்கள் மே கடைசியில்தான் வரும். முன்பணம் கட்டி யூசி இடத்தைப் பிடித்துவைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

இடையில் சில ஆண்டுகள் படிப்பை நிறுத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. கொலம்பியாவின் ஜெனரல் ஸ்டடீஸ் கல்லூரி, யேலின் ஈலை விட்னி திட்டம் ஆகியவை அப்படிப்பட்டவர்களுக்கென்றே இருப்பவை. கல்யாணம், குழந்தை, நாடு மாற்றம் என்று பட்டம் பாதியில் நின்றுபோன நம் பெண்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

## கால் ஸ்டேட்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2010-ல் வந்த சட்டத்தால் ஏடிடி என்ற இரண்டாண்டுப் பட்டம் பிறந்தது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடம் உறுதி, ஆனால் கேட்ட வளாகத்தில், கேட்ட மேஜரில் என்று உறுதி இல்லை. அங்கே போய் 60 யூனிட்டில் பட்டம் முடியும்படி அமைத்திருக்கிறார்கள், யூனிட் வீணாவது குறைவு. உள்ளூர்க் கட்டணம் யூசியில் ஏறக்குறைய பாதி. வெளிமாநிலத்தாருக்கான கூடுதல் கட்டணமும் யூசியைவிடக் குறைவு, எச்-4-லிருந்து எஃப்-1-க்கு மாறினால் விழும் அடி அங்கே சின்னது. சான் ஹோசே ஸ்டேட் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். சான் லூயிஸ் ஒபிஸ்போவின் கால் பாலியில் பொறியியல் இடம் பல யூசிக்களைவிடக் கடினம். "வெறும் ஸ்டேட்" என்று தள்ளுபவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இடம் உறுதியா | 21 வயதில் எஃப்-1 ஆனால் | தெரியாமல் கூடும் செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| டேக் | ஆம், நிபந்தனையோடு | கட்டணம் மூன்று மடங்குக்கு மேல் | மேஜர் விட்டுக்கொடுப்பது | மேஜர் டேக் பட்டியலில் இருப்பவர்களுக்கு |
| பெர்க்லி, யூசிஎல்ஏ | இல்லை | அதேதான் | வாடகை, முதல் குவார்ட்டர் சரிவு | கலை, சமூக அறிவியல் மேஜர். பாட வரிசை முழுதாக முடித்தவர்கள் |
| தனியார் | இல்லை | பில் மாறாது | வீணாகும் யூனிட், மூன்றாம் ஆண்டு, காகித அலைச்சல் | கிரீன் கார்டும் குறைந்த வருமானமும் உள்ளவர்கள் |
| கால் ஸ்டேட் | அமைப்பில் ஆம் | கூடும், யூசியைவிடக் குறைவாக | போட்டி மிகுந்த வளாகத்தில் இடம் கிடைக்காமல் போவது | செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டியவர்கள் |

## இந்தியாவில் காலேஜில் ஓரிரு ஆண்டு படித்துவிட்டு வந்திருந்தால்

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இன்ஜினியரிங் முதலாண்டு முடித்துவிட்டு வந்தவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. மதிப்பெண் மோசமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும், மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே ரத்தாகும். டேக் வேண்டுமென்றால் குறைந்தது 30 செமஸ்டர் யூனிட் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் படித்திருக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் எத்தனை யூனிட் படித்தாலும் யூசி 70 வரைதான் கணக்கில் எடுக்கும் என்பதால் ஆபத்தில்லை. நான்காண்டுக் கல்லூரியில் எடுத்த மேல்நிலை வகுப்புகளின் (மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள்) யூனிட்டுகளுக்கு அந்த வரம்பு இல்லை. இரண்டும் கூடி 80-ஐத் தாண்டினால், அளவுக்கு மீறிப் படித்தவர் என்று சில வளாகங்கள் திருப்பி அனுப்பலாம். இன்னும் ஒரு செமஸ்டர் இங்கே படிக்கலாமே என்று நினைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆங்கிலம் அல்லாத மொழியில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்திருந்தால், கம்யூனிட்டி காலேஜ்களின் பொதுப்பாடத் தொகுப்பில் அதை அந்நிய மொழித் தேவைக்கு ஈடாக ஏற்றுவந்திருக்கிறார்கள். 2025 இலையுதிர் காலத்தில் வந்த புதிய தொகுப்பில் மொழிப் பகுதி இல்லை. ஆனால் பல யூசி கல்லூரிகளில் பட்டத்துக்கு மொழித் தேவை இன்னும் இருக்கிறது. அதனால் பழைய மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

## இன்னொரு வருஷம் காத்திருக்கலாமா

"இந்த வருஷம் விட்டு அடுத்த வருஷம் போட்டால் பெர்க்லி கிடைக்கும்" என்று பலர் கேட்கிறார்கள். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மூன்றாம் ஆண்டு கம்யூனிட்டி காலேஜ் மலிவான விஷயம். விடுபட்ட இரண்டு வகுப்புகளை முடித்து, வலுவான விண்ணப்பம் போட அது நல்ல வழி. எச்-4 பிள்ளைக்கு அந்த ஓராண்டு, உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கக்கூடிய யூசி ஆண்டு ஒன்றைத் தின்றுவிடும். அதன் விலை 46 டாலர் யூனிட் இல்லை, 37,000 டாலருக்கு மேல். ஒரே கேள்விக்கு இரண்டு வீட்டில் இரண்டு பதில் வருவது இதனால்தான்.

சரி, அந்தப் பெண்ணின் கணக்குக்கு வருவோம். அவளுக்கு இருபத்தொன்று நிறைவது மாறிப் போய் முதல் ஆண்டு முடியும்போது. அதாவது யூசியில் ஓராண்டு உள்ளூர்க் கட்டணம், ஓராண்டு வெளிமாநிலக் கட்டணம். அவள் மேஜர் பொருளாதாரம், டேவிஸில் டேக் இருக்கிறது. இரண்டு கோடைக்காலமும் வகுப்பு எடுத்தால் ஒரு குவார்ட்டரோ இரண்டோ முன்னாலேயே முடிக்க முடியுமா என்று பாட வரிசையை விரித்துவைத்து எண்ணினோம். ஒரு குவார்ட்டர் குறையும் போலிருக்கிறது. வெளிமாநிலக் கூடுதல் கட்டணத்தில் மட்டும் அதுவே பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல்.

அவள் அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். வழக்கறிஞரிடம் நேரம் கேட்டிருப்பதாகவும், மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். டேவிஸுக்கு டேக், அதே விண்ணப்பத்தில் பெர்க்லியும் யூசிஎல்ஏவும், தனியாகச் சான் ஹோசே ஸ்டேட். யூஎஸ்சியை அவளே கோடு போட்டு அடித்தாள். டேக் படிவத்தில் வசந்த செமஸ்டரின் புள்ளியியல் வகுப்பை இன்னும் சேர்க்கவில்லை. அதற்கு செப்டம்பர் 30 வரை நேரம் இருக்கிறது.